திரையேறிய தோட்டக் கதைகளும் திரையேறாத கணக்கும்

கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30-ஆம் நாளிலும், அதன் பிற்பகுதி 2023-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 28-ஆம் நாளிலும் படக்காட்சியாக வெளிவந்தன. அதுகாறும் ஒரு நாவலையும் கையிலெடுத்தறியாத நம் இளைஞர் பலர் வந்தியத்தேவனைப் பற்றியும் நந்தினியைப் பற்றியும் வாதமிடத் தொடங்கினர். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை அது. 1958-இல் எம்.ஜி.ஆர். அதன் உரிமையை விலைக்கு வாங்கியும் படம் பிடித்து முடிக்க வாய்க்கவில்லை. மணிரத்னம் முடித்தார். ஐந்து பாகத்துக் கதையை ஐந்தரை மணி நேரத்தில் அடக்குவதெனின் சிலர் வெளியே நிற்கத்தான் வேண்டும். மணிமேகலை நின்றாள். அதற்காகப் புத்தகம் படித்தோர் வருந்தினர், படியாதோர்க்கு வருத்தமில்லை. இவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை.

நாம் கூற வந்தது வேறு. அப்படம் வந்த நாள் தொட்டு நம்மவரிடையே ஒரு பெருமிதப் பேச்சு மீண்டும் தலையெடுத்துள்ளது. "அருள்மொழிவர்மனின் மகன் இராசேந்திரன் 1025-இல் கடாரம் கொண்டான், அக்கடாரமே இன்றைய கெடா, ஆதலால் நாம் இந்நாட்டுக்கு வெற்றி வீரராய் வந்தோம்" என்கிறார்கள். கடாரம் கொண்டது மெய். அதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. ஆனால் நம்மில் பெரும்பாலோருடைய பாட்டனும் பூட்டனும் கெடாவுக்கு வந்தது சோழர் கப்பற்படையிலன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தட்டுப் பயணியராய், மூட்டை முடிச்சுக்கு நடுவே படுத்துப் பினாங்கில் இறங்கினார்கள். 1926 முதல் 1973 வரை அவ்வழியில் ஓடிய ரஜுலா என்னும் கப்பலின் பெயரை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். அரியணைக் கதையைப் படமாக்கும்போது ஒரு பாத்திரம் விடுபட்டால் குடி முழுகிப் போவதில்லை. மேல்தட்டில் படுத்து வந்தவன் கதையைப் படமாக்கும்போது எது விடுபடுகிறது, எது நுழைகிறது என்று பார்ப்பதே நமக்கு வேண்டுவது. ஏனெனில் தோட்டமென்பதைக் கண்ணால் காணாத நம் பிள்ளைகளுக்கு இனி அப்படங்களே சரித்திரமாக நிற்கப் போகின்றன.

தோட்டத்துத் தமிழன் திரையில் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே ஏட்டில் ஏறிவிட்டான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் அல்லலுற்ற பெண்டிரைப் பாரதியார் பாடினார். புதுமைப்பித்தன் 1935-இல் துன்பக் கேணி என்னும் நெடிய சிறுகதையை எழுதி, திருநெல்வேலிச் சீமைப் பெண்ணொருத்தியை இலங்கைத் தேயிலை மலைக்கு அனுப்பி, அவள் அங்கே பட்ட பாட்டைக் காட்டினார். அந்த இலங்கையில் அந்நாளில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. ஒரு கங்காணியும் அவனுடைய ஆட்களும் தோட்டத்துக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கே துண்டு என்று பெயர். வேறொரு துரை அத்தொகையைக் கட்டினால் ஆட்கள் அவர் தோட்டத்துக்குச் செல்வர். மாட்டைச் சந்தையில் மாற்றுவதற்கும் இதற்கும் வேற்றுமை காண்பது அரிது. 1921-இல் சட்டம் அதனை ஒழித்தது. ஒரு காகிதத் துண்டு, ஒரு தொகை, ஒரு கையெழுத்து. சவுக்கின் உதவியின்றியே நூறு பேர் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கைமாறினார்கள் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

நாமறிந்த வரையில் தோட்டக் கூலியைப் பற்றிய பெயர்பெற்ற நாவலொன்று முந்தித் திரையேறியது இந்தி மொழியில். முல்க் ராஜ் ஆனந்த் 1937-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்னும் நாவல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது. கங்கு என்னும் பஞ்சாபிக் குடியானவன் ஆள்பிடிப்பவனது பசப்பு மொழியை நம்பி மனைவி மக்களோடு அங்கே செல்கிறான். மனைவி நோயால் மாள்கிறாள். ஈமச் செலவுக்கு அவன் கடன் தேடி அலையும் பகுதியைப் படிப்போர் எளிதில் மறவார். ஈற்றில் மகளைக் கெடுக்க முற்பட்ட வெள்ளைக்காரனால் கங்கு கொல்லப்படுகிறான். கொன்றவனை ஜூரிகள் குற்றமற்றவனென்று விட்டுவிடுகிறார்கள். இதனை கே.ஏ. அப்பாஸ் 1950-களின் முற்பகுதியில் 'ராஹி' என்னும் படமாக எடுத்தார். அப்பாஸ் முற்போக்கு எண்ணத்தினர். தொழிலாளர்பால் அவருக்கிருந்த பரிவை ஐயுறுவாரில்லை. ஆயினும் படத்தில் நேர்ந்ததைப் பாருங்கள்: கதாநாயகன் கங்கு அல்லன்! கூலிகளை அடக்கி வேலை வாங்கத் துரை அமர்த்திய மேற்பார்வையாளனே கதாநாயகன். தேவ் ஆனந்த் அவ்வேடம் புனைந்தார். அவன் கூலிப்பெண் ஒருத்தியைக் காதலித்து, மனந்திருந்தி, அடக்கப்பட்டோர் பக்கம் சேருகிறான். நாவல் கூலியின் கண்வழியே தோட்டத்தைப் பார்த்தது. படமோ சவுக்குப் பிடித்தவனது மனமாற்றத்தைப் பார்த்தது. நட்சத்திர நடிகர் ஈமச் செலவுக்குக் கடன் கேட்டுக் கூனிக் குறுகி நிற்பதைக் காணக் கொட்டகைக்கு யார் வருவார் என்று படமுதலாளி எண்ணியிருக்கக் கூடும்.

தமிழில் இவ்வகையிலே தலையாய படம் 2013-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் வெளிவந்த 'பரதேசி'. அதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

அதற்கு ஆதாரமான நூல் டாக்டர் பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ'. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய் வேலை பார்த்தவர். தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். அவர் தம் நோயாளிகளின் வாயால் கேட்டதையும் தாம் கண்டதையும் கதையாக்கினார். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முன்பணம் வாங்கி மலையேறிய கருப்பன், வள்ளி என்னும் ஏழைத் தம்பதியரின் கதை அது. ஆங்கிலத்தில் இருந்தமையால் யாருடைய கதையோ அவர்களே அதனைப் படிக்க இயலாமற் போயிற்று. ஏறக்குறைய 40 ஆண்டு கழிந்து, 2007-இல் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என அதனைத் தமிழாக்கினார். அத்தமிழாக்கம் வெளிவந்த பின்னரே டைரக்டர் பாலா அதனைப் படமாக்கினார். வசனம் எழுதியவர் நாஞ்சில்நாடன். மொழிபெயர்ப்பாளர் ஒருவரது உழைப்பு எத்துணைப் பயனைத் தரக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

படத்தின் நிறைகளை முதலிற் கூறிவிடுவோம். முற்பகுதியில் வரும் சாலூர் என்னும் ஊரும், தமுக்கடித்துச் செய்தி கூறி வீடுதோறும் சோறு வாங்கியுண்ணும் இராசாவும், அவனைப் பாராட்டி வளர்க்கும் பாட்டியும் மெய்யான மாந்தரே. அதர்வா அவ்வேடத்திற்குத் தம்மை முற்றும் ஒப்புவித்திருக்கிறார். செழியனது ஒளிப்பதிவு மழையையும் குளிரையும் நம் எலும்பிலேயே ஏற்றுகிறது. உடையமைப்புக்குத் தேசிய விருது கிடைத்தது; கிடைக்க வேண்டியதே. பல நாள் கால்நடையாக ஊரே பெயர்ந்து மலைக்குச் செல்லும் காட்சியும், வழியில் விழுந்தவனை விட்டுச் செல்லும் காட்சியும் நம் முதியோர் சொன்ன கதைகளை நினைவூட்டும். தமிழ்ப் படவுலகம் தோட்டக் கூலியைக் கேலிக்கோ பாட்டுக்கோ அன்றி அவன் பொருட்டே திரையில் நிறுத்தியது அரிய செயல். அதற்குப் பாலாவுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

இனிக் குறை. இப்படத்தைப் பார்த்து வெளிவரும் ஒருவனை நிறுத்தி, "அக்கூலிகள் ஏன் தோட்டத்தை விட்டுப் போகவில்லை?" என்று கேட்டால் என்ன விடை கூறுவான்? "போனால் அடிப்பார்கள், பிடித்துக் குதிகால் நரம்பை அறுப்பார்கள்" என்பான். படம் அவனுக்கு அதைத்தான் காட்டியிருக்கிறது. ஓட முயன்ற இராசாவுக்கு அதுவே நேர்கிறது. படம் வெளிவருமுன் விட்ட விளம்பரத் துணுக்கும் கழியைத்தான் காட்டிற்று: டைரக்டர் நடிகர்களைக் கழியால் அடித்து நடிப்புச் சொல்லிக் கொடுக்கும் காட்சிகளை அதில் கோத்திருந்தனர். பெருங்கூச்சல் எழவே, அது போலிக் கழி என்று விளக்கமளித்தனர். போலியோ மெய்யோ, தோட்டமென்றால் கழி; கழியைக் காட்டினால் கூட்டம் வரும் என்னும் கணக்கு அதிலே வெளிப்பட்டது.

அடி இருந்தது. இல்லையென்று சொல்ல நாம் துணியோம். ஆனால் அடியொன்றினால் மட்டும் ஆயிரக்கணக்கான மக்களை ஆண்டுக்கணக்கில் ஒரு மலையில் வைத்திருக்க முடியாது. அத்தனை கழிக்கும் அத்தனை கைக்கும் கம்பெனி சம்பளம் கொடுத்துக் கட்டுபடியாகாது. கட்டி வைத்தது வேறொன்று. அதன் பெயர் முன்பணம். டேனியலின் நூல் அதனை அறிந்தே எழுதப்பட்டது.

முன்பணம் எவ்வாறு வேலை செய்தது? மழை பொய்த்த ஆண்டில் கங்காணி, தென்னிந்திய மலைத் தோட்டத்து வழக்கப்படி மேஸ்திரி, நல்ல வேட்டி கட்டித் தன் ஊருக்கே வருவான். அவன் அயலான் அல்லன். பெரும்பாலும் உறவு சொல்லி அழைக்கத் தக்கவன். கம்பெனி அவனிடம் கொடுத்த பணத்தில் கொஞ்சத்தை ஏழையின் கையில் வைப்பான். ஏழை பழைய கடனைத் தீர்ப்பான். அல்லது ஒரு சாவுக்கோ கலியாணத்துக்கோ செலவிடுவான். பெருவிரல் ரேகை ஏட்டில் விழும். அந்த நொடியிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். வழிச்செலவு அவன் பற்று. மலைக்குளிருக்குக் கொடுத்த கம்பளி அவன் பற்று. வாரந்தோறும் அளக்கும் அரிசி அவன் பற்று. காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலியில்லை. அந்நாளுக்குத் தின்ற அரிசி மட்டும் பற்றில் ஏறும். ஆட்கள் ஈட்டும் கூலியிலே மேஸ்திரிக்கும் ஒரு பங்கு உண்டாதலால், அவர்கள் ஊர் திரும்புவது அவன் வருவாய்க்கு நட்டம். ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் நாளன்று வரவும் பற்றும் வாசிக்கப்படும். எழுத்தறியாதவன் தலையாட்டுவான். பாக்கி நிற்கும். பாக்கி நின்றால் இன்னோர் ஆண்டு.

அதற்குமேல் சட்டம் நின்றது. முன்பணம் வாங்கி வேலை செய்யாதவனைக் குற்றவாளியாக்கும் 1859-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இந்தியாவில் இருந்தது. சென்னை மாகாணத் துரைமாருக்கென்றே 1903-இல் தோட்டத் தொழிலாளர் சட்டமொன்று தனியே இயற்றப்பட்டது. ஓடிப்போன கூலியைப் பிடிக்க அடியாள் வேண்டியதில்லை. போலீஸ் பிடித்துத் தரும், மாஜிஸ்திரேட் தண்டிப்பார். முதற் சட்டம் 1926-இல் நீக்கப்பட்டது. மற்றதும் நெடுநாள் நிற்கவில்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டேனியல் காட்டுவது பெரிதும் 1920-களின் தோட்டம். பாலா தம் கதையை 1939-இல் தொடங்குகிறார். ஏன் அவ்வாறு மாற்றினாரென்பது நமக்குத் தேவையில்லை. மாற்றியதன் விளைவோ பெரிது. அந்த ஆண்டுக்குள் சட்டத்தின் கை தளர்ந்துவிட்டது. ஆதலின் படத்தில் கூலியைக் கட்டி வைக்கக் கத்தியும் கழியும் தவிர வேறில்லாமற் போயிற்று. வெள்ளையர் அரசாங்கம் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துச் செய்த கொடுமை, ஒரு கெட்ட துரையும் ஒரு கெட்ட கங்காணியும் செய்த கொடுமையாகச் சுருங்கிற்று.

கணக்குத் தீர்க்கும் காட்சி படத்திலும் ஒன்று உண்டென்பதை மறைக்க மாட்டோம். சம்பளம் வாங்கச் சென்றவன் கடனாளியாய்த் திரும்பும் அக்காட்சியில் ஒருவரும் ஒருவரையும் அடிப்பதில்லை. நம் மதிப்பில் படத்தின் மிகக் கொடிய காட்சி அதுவே. கண்ணீரும் இரத்தமுமாய் நிறைந்த பிற்பகுதியில் அது சில நிமிடத்தில் கரைந்து போகிறது.

மற்றொன்று அந்த டாக்டரைப் பற்றியது. நூலில் வரும் ஆபிரகாம் என்னும் மருத்துவர், தகுதியற்ற மருந்துக்காரரிடம் சிக்கிச் சாகும் கூலிகளைக் கண்டு கொதித்து, நிர்வாகத்தோடு போராடுகிறார். அவர் டேனியலின் நிழல். அவ்விடத்தில் படம் வேறொரு டாக்டரைக் கொண்டு வந்தது. கொள்ளை நோயில் மக்கள் மடிகையில் அவர் ரொட்டியும் மந்திரமும் கொடுத்து மதம் மாற்றுகிறார். ஆடிப் பாடவும் செய்கிறார். மதத்தால் வயிறு நிறையும், நோய் தீரும் என்பாரை இடித்துரைப்பதில் நமக்கு மறுப்பில்லை. எந்த மதமாயினும் நம் பத்திரிகை அதைத்தான் செய்து வந்திருக்கிறது. ஆனால் இங்கே இடிபட்டவர் யார்? தோட்டக் கூலிக்காகப் பேசிய மெய்யான டாக்டர் ஒருவரது நூலை எடுத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்தில் ஒரு கோமாளியை நிறுத்திவிட்டனர். பகுத்தறிவுக்கு இதனால் ஆதாயமில்லை. தோட்டங்களில் சாவைக் குறைத்தது பிரார்த்தனையன்று. நீர் வடியக் கால்வாய் வெட்டியதும், கொயினா கொடுத்ததுமே. நம் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901 முதல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலத்தை வடியச் செய்து மலேரியாவை அடக்கிய வரலாறு உலகறிந்தது. மருத்துவம் கூலியின் உரிமை என்று வாதாடும் டாக்டரைத் திரையில் காட்டியிருந்தால் எத்தனை பயன்!

ஆனைமலைக் கதை நமக்கேன் என்று கேட்பார்க்கு ஒரு சொல். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. அதன்பின் நம்மவரைக் கொண்டு வந்தவன் கங்காணியே. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, துரைமாரிடம் வரி தண்டி, ஆள்கொண்டு வரும் செலவை ஏற்றது. ஆதலின் சட்டப்படி நம்மவர் கடனின்றியே கரையேறினர். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகவும் உரிமை பெற்றிருந்தனர். ஆனைமலைக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை இது. பரதேசியைப் பார்த்து, "நம் தாத்தா கதை அப்படியே" என்று கண்ணீர் வடிப்போர் இதனையும் அறிதல் நலம். ஆயினும் கணக்கு வேறு வாசல் வழியே நுழைந்தது. எத்தனை ஆள் பெரட்டுக்கு வந்து நின்றதோ அத்தனைக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதமென்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. பல தோட்டங்களில் அரிசிக் கடையும் அவனதே. கடைப்பற்றும், வட்டியும், சீட்டுப் பணமும் சட்டத்தின் கண்ணில் படாத ஏட்டில் இருந்தன. 1930-களில் ரப்பர் விலை விழுந்தபோது கூலியும் விழுந்தது. மீண்டும் கூலிக்குறைப்பு வரவே, 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுவரும் கூலிக் குடியேற்றத்தை நிறுத்திற்று. கழியை ஒருவரும் ஓங்காமலே, காகிதத்தில் ஓர் எண்ணை மாற்றி ஆயிரமாயிரம் அடுப்பை அணைக்க முடிந்ததென்பதற்கு இதுவே சான்று.

அவ்வெண்ணை எழுதியவன் எங்கே? இதுவரை கூறிய படங்களிலெல்லாம் துரையைப் பார்க்கிறோம், கங்காணியைப் பார்க்கிறோம். நடுவே மேசைக்கு முன் அமர்ந்து செக்குரோலில் ஆள்நாள் பதிந்த கிராணியை எவரேனும் நினைவில் நிற்கும்படி பார்த்ததுண்டா? தோட்டக் காரியாலயத்தில் எழுதுகோல் பிடித்துப் பிழைக்கும் நமக்கு இக்கேள்வி எளிதில் விட்டுப் போவதன்று. ஆங்கிலப் பள்ளியில் படித்துக் கிராணி வேலைக்கு வந்தோரில் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் மிகுதி. அரை நாள் வேலையை அரை நாளென்று எழுதுவதா, வரவில்லையென்று எழுதுவதா என்பது அவர் கைமுனையில் இருந்தது. பால் எடையில் எவ்வளவு கழிப்பது என்பதும் அங்கேயே முடிவாயிற்று.

1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தைப் பலர் அறிவர். ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தாரும் அதனை முன்னின்று நடத்தினர். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்து சுட்டதில் உயிர்கள் பலியாயின. அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி வேண்டும் என்றனர். கள்ளுக்கடையை மூடு என்றனர். அவற்றோடு இன்னும் இரண்டு: கொடுமை செய்யும் ஆசியச் சிப்பந்திகளை நீக்க வேண்டும், துரையோ கிராணியோ எதிர்ப்படும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டுமென்னும் வழக்கம் ஒழிய வேண்டும். துரைக்கு மட்டுமன்று, கிராணிக்கும்! தமிழனைக் கண்டு தமிழன் வண்டியை விட்டு இறங்கினான். வெள்ளைத் துரையும் கங்காணியும் மட்டுமே கொடியவராகத் தோன்றும் படத்தைப் பார்த்து நம் போன்றார் பட்டணத்துக் கொட்டகையில் மனநிம்மதியோடு கண்ணீர் விடலாம். அக்கோரிக்கைப் பட்டியலைப் படித்துவிட்டு அவ்வாறு இருத்தல் இயலாது.

"கணக்கையும் கடனையும் படத்தில் காட்டினால் யார் பார்ப்பார்? படமென்பது கண்ணுக்கு விருந்தாக வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். இது சாக்கு. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் வெளிவந்த 'அசுரன்' இதற்கு மறுமொழி. பூமணி 1982-இல் வெளியிட்ட 'வெக்கை' என்னும் நாவலைத் தழுவியது அது. நாவல் சிதம்பரம் என்னும் சிறுவனைப் பற்றியது. அண்ணனைக் கொல்வித்தவனைப் பழிவாங்கிவிட்டுத் தந்தையோடு காட்டில் ஒளிந்து திரியும் எட்டு நாளே கதை. வெற்றிமாறன் தந்தையைக் கதாநாயகனாக்கினார். அவருக்கு நாவலில் இல்லாத இளமைக் காலம் ஒன்றையும் படைத்தார். அதிலே பஞ்சமி நிலம் வருகிறது. செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையின் பயனாக 1892-இல் தாழ்த்தப்பட்டோர்க்கென அரசாங்கம் ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. ஏறக்குறைய 12 இலட்சம் ஏக்கர் என்பர். பிறரிடம் போன அந்நிலத்தை மீட்கும் போராட்டமும், குடிசைகளைக் கொளுத்தி மக்களைச் சாம்பலாக்கும் காட்சியும் 1968-இல் 44 பேர் மாண்ட கீழ்வெண்மணியை நினைவூட்டுகின்றன. நிலப்பத்திரம், அரசாணை, கைமாறிய உரிமை எனும் உலர்ந்த காகிதங்கள் திரையில் வந்தன, கூட்டமும் வந்தது. பல்லாண்டாகப் பேசுவாரற்றுக் கிடந்த பஞ்சமி நிலத்தைப் பற்றித் தமிழ்நாட்டுக் கட்சித் தலைவர்கள் ஒருவர் மீதொருவர் குற்றஞ்சாட்டி அறிக்கை விடும் நிலை ஏற்பட்டது. நாவலின் அமைதியை அசுரன் கெடுத்துவிட்டதென்போர் உண்டு. சிறுவனின் கண்வழி பார்த்த பூமணியின் நுட்பம் படத்தில் இல்லையென்பது உண்மைதான். எனினும், புத்தகத்திலிருந்து படம் விலகுவது குற்றமன்றென்றும், எந்தத் திசையில் விலகுகிறதென்பதே பார்க்கத் தக்கதென்றும் நாம் கருதுகிறோம். பரதேசி காகிதத்தை விட்டுக் கத்தியை நோக்கி விலகிற்று. அசுரன் கத்தியோடு நில்லாமல் காகிதத்தையும் தேடிச் சென்றது.

நம் நாட்டுப் படங்களைப் பற்றியும் சில சொற்கள். 2016-இல் வந்த 'கபாலி' நூலைத் தழுவியதன்று. தொடக்கத்திலேயே கதாநாயகன் சிறையில் 'மை ஃபாதர் பாலையா' என்னும் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பதும், சீனருக்குச் சமமான கூலி கேட்ட தோட்டப் போராட்டம் கதையில் வருவதும் பாராட்டத் தக்கவை. பிறகு துப்பாக்கிச் சத்தத்தில் அது காதில் விழவில்லை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. ரப்பர் தோட்டத்துப் பெண்ணொருத்தி மேற்படிப்புக்கு ஆசைப்படுவதே கதை. அடியும் இல்லை, கூச்சலும் இல்லை. படிப்புக்குப் பணம் எங்கே என்னும் ஒரே கேள்வி வீட்டைச் சுற்றி வருகிறது. அதனைப் பார்த்தோர் சிலரே. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமெனப் பரிசு பெற்றது. தோட்டத்தை இழந்து பட்டணத்து ஓரத்தில் ஒதுங்கிய குடும்பத்தில், 1990-களில் வளரும் சிறுவனொருவன் எவ்வாறு முரடர் கூட்டத்தின்பால் இழுக்கப்படுகிறான் என்பதை அது கூறுகிறது. தோட்டம் அதில் ஏறக்குறைய வருவதேயில்லை. போன தோட்டத்தின் கணக்குப் பாக்கி மட்டும் பிள்ளையின் தலையில் விடிகிறது. இம்மூன்றில் நமக்கு மிகவும் உவப்பானது இதுவே.

நம் எழுத்தாளரும் சும்மா இருக்கவில்லை. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்ட வாழ்வின் உள்ளறையைக் காட்டும். சயாம் மரண இரயில் பாதைக்கு நம்மவரை அள்ளிச் சென்ற கொடுமையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக்கியிருக்கிறார்கள். இவற்றுள் ஒன்றைப் படமாக்க முன்வரும் இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டபோது பல காரியாலயங்களின் பழைய ஏடுகள் கரையானுக்கும் தீக்கும் இரையாயின. எஞ்சியவை ஓய்வுபெற்ற கிராணிமார் வீட்டுப் பெட்டிகளில் இருக்கக்கூடும். செக்குரோல், கடைப்பற்று ஏடு, வேலை நீங்கிய சீட்டு இவற்றைக் கேட்டுப் பார்த்துப் படியெடுத்துக்கொண்ட பின்னர் காமிராவைத் தூக்குங்கள். கங்காணிக்கு நல்ல நடிகரைத் தேடுவதுபோலக் கிராணிக்கும் ஒருவரைத் தேடுங்கள். அவர் கொடியவராய்த் தோன்ற வேண்டியதில்லை. சலவைச் சட்டை அணிந்து, மை தொட்டு, அழகிய ஆங்கில எழுத்தில், காய்ச்சலில் படுத்தவன் பெயருக்கெதிரே ஒரு சுழியைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குச் செல்வாரானால் போதும்.